பனிச்செல்வம் அவர்கள் எங்கிருந்தாலும்

பனிச்செல்வம் என்று ஒரு ஆள் அந்தக் கடையில் கிடையாது, திருநெல்வேலியிலேயே உண்டோ இல்லையோ, ஆனால் இரண்டு வருஷமாக ஜெனிட்டா அவரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், திரு. பனிச்செல்வம் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகக் கீழ்த்தளத்திற்கு வரவும் என்று, தேன் தடவிய குரலில், முன்னும் பின்னும் டிங் டாங் சத்தத்தோடு, சேலை பார்க்க வந்தவர்கள் யாரோ ஒரு பெண்சாதி புருஷனைத் தொலைத்துவிட்டாள் போல என்று சிரித்துக்கொள்வார்கள், உண்மையில் அதற்கு ஏசியில் கோளாறு என்று அர்த்தம், கேட்ட மாத்திரத்தில் மெக்கானிக் ஆவுடையப்பன் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி அடித்தளத்து மெஷின் ரூமுக்கு ஓடிக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும், அதுதான் ஏற்பாடு, மேனேஜர் திரவியம் சாரின் மூளையில் உதித்த ஏற்பாடு, சேலையைச் சுருட்டிக்கொண்டு எவளாவது நழுவினால் திருமதி. பொன்னுத்தாய், எங்காவது புகை வந்தால் திரு. தீர்த்தகிரி, வாடிக்கையாளர் காதில் கெட்ட வார்த்தை விழக் கூடாது, ஆடித் தள்ளுபடி சமயத்தில் தீ என்றும் கேஸ் என்றும் சொன்னால் யாவாரம் என்னத்துக்கு ஆகும், ஆகவே எல்லா ஆபத்துக்கும் ஒரு பெயர், ஒரு மரியாதை, ஒரு டிங் டாங். இப்போது மூன்றாம் மாடிக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் தலைக்கு மேலே அந்தச் சிவப்புப் பெட்டி கத்திக்கொண்டிருக்கிறது, மெஷின் ரூமில் ஏசி கேஸ் கசிந்தால் கத்துவதற்கென்று அங்கிருந்து கம்பி இழுத்து இங்கே மாட்டிய பெட்டி, கடையில் எப்போதும் ஆள் இருக்கிற இடம் இந்தக் கூண்டு ஒன்றுதான் என்பதால் இவள் தலையில் மாட்டிய பெட்டி, அதில் கேஸின் அளவு சிவப்பு எண்ணாக ஏறுகிறது, இறங்கவில்லை, ஏறுகிறது, இன்டர்காமில் திரவியம் சார் சொன்னது இன்னும் காதுக்குள் கிடக்கிறது: “என்னம்மா செய்யுத அங்க? கஸ்டமர் எல்லாம் அண்ணாந்து பாக்காங்க. அந்தச் சவத்த அமுக்கு.”

சவம். இந்த ஊரில் ரேடியோ பாடாவிட்டால் சவம், பூட்டு திறக்காவிட்டால் சவம், பிள்ளை அழுதால்கூட மாமியார் சவம் ஏன் இப்பிடிக் கத்துது என்பாள், கொஞ்சலாகத்தான் சொல்லுவாள், ஜெனிட்டாவும் சொல்லியிருக்கிறாள், ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குறுக்கே நிற்கிறது, சவத்த அமுக்கு, சவத்த அமுக்கு, அமுக்கினால் கத்தல் நிற்கும், கத்தல்தான் நிற்கும், கத்தவைப்பது எதுவோ அது நிற்காது, பிள்ளை வாயைப் பொத்தினால் பசி போய்விடுமா, இதைக்கூடவா ஒரு மேனேஜருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சம்பளம் வாங்கவில்லையா அவர், கழுத்தில் டை கட்டவில்லையா, போன வாரம் கத்தியபோது அமுக்கச் சொன்னார், முந்தாநாள் கத்தியபோது அமுக்கச் சொன்னார், அமுக்கினாள், எண் தானாகக் குறைந்தது, பாத்தியா, சும்மா பூச்சாண்டி என்றார். சிவப்புப் பெட்டியின் கத்தல் ஒரே சுருதியில் ஏறி ஏறி விழுகிறது, அது கிட்டத்தட்ட ஜோவி அழுகிற மாதிரியே இருக்கிறது, ஏழு மாசப் பிள்ளை மூச்சுப் பிடித்து அழுது, நிறுத்தி, உலகமே அநியாயம் என்று மறுபடி தொடங்குகிற மாதிரி, அது அவள் உடம்புக்கு நன்றாகவே தெரிகிறது, மூளை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மார்பு கடுத்துப் பால் இறங்குகிறது, யூனிபார்ம் சேலையின் முந்தியை இழுத்து மூடிக்கொள்கிறாள், இரண்டு ஈர வட்டம், கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் சட்டைத்துணி பார்க்கிற சாக்கில் இங்கே பார்க்கிறான், பாருடா, நல்லாப் பாரு, நான் கசிந்தால் உனக்கு வேடிக்கை, கீழே கசிவதை எவனும் பார்க்க மாட்டான். அவள் விரல் பட்டனுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வருகிறது. போய்த் திரும்பி வருகிறது.

வாசனை, அங்கேதான் வந்து நிற்கிறது எல்லாம். பெட்டியை மாட்ட வந்த புனே பையன், தாடியும் அவசரமுமாக, இங்கிலீஷில்தான் பேசினான், அவன் சொன்னதைத் தமிழில் சொல்ல இவளைக் கூப்பிட்டார்கள், கான்வென்ட்ல படிச்ச பிள்ளதான, சொல்லட்டும், அவள் சொன்னாள், ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், இந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது, மூக்குக்கு எதுவும் தெரியாது, காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரிப் படுத்துக்கொள்ளும், நாம் இழுக்கிற காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும், மூச்சு முட்டுகிறது என்றுகூடத் தோன்றாது, தலை லேசாகச் சுற்றும், அப்புறம் ஆள் விழுவான், அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான், ஆகையால் மணி அடித்தால் யாரும் உள்ளே போகக் கூடாது, கதவுக்கு வெளியே இருக்கிற பெரிய ஃபேன் சுவிட்சைப் போட வேண்டும், அந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை பேரும் மேலே ஏறி வெளியே போய்விட வேண்டும், உள்ளே போகிறவன் முகமூடி போட்டு முதுகில் காற்று சிலிண்டர் கட்டியவனாக இருக்க வேண்டும், அவனுக்குத் துணைக்கும் அதே மாதிரி ஒருவன் வேண்டும். ஆவுடை அண்ணன் தலையைச் சொறிந்தார். “அப்ப நாத்தமே அடிக்காத கேஸா? வீட்டு சிலிண்டரே நாறுமேம்மா. நாத்தம் இல்லாம லீக் எப்பிடி?” எல்லாரும் சிரித்தார்கள், திரவியம் சார் மெலிதாகச் சிரித்தார், மறுநாளே மெஷின் ரூம் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர், கேஸ் வாசனை வந்தால் உடனே வெளியேறவும், தடித்த எழுத்து, கீழே கடையின் பெயர். சார், வாசனையே வராது சார், அவன் அதைத்தானே சொன்னான் என்று இவள் போய் நின்றபோது, அடிச்சாச்சும்மா, இனி யாரு மாத்துவா, வாசனை வந்தா போகட்டும், வராட்டி இருக்கட்டும் என்றார். வராட்டி இருக்கட்டும். அதைவிடக் கொடுமை, வாங்கி வந்த முகமூடியையும் சிலிண்டரையும் எங்கே மாட்டினார்கள், மெஷின் ரூமுக்கு உள்ளேயே, உள்சுவரில், ஆணி அடித்து, மாலைதான் போடவில்லை. விஷத்தைத் தாண்டிப் போய் மாற்று மருந்தை எடுத்துக்கொள் என்று அர்த்தம். இதைச் சொல்லப் போனால் இவளுக்குத் திமிர், கான்வென்ட் திமிர். கடை முழுக்க மல்லிகை வாசனை வேறு, ஏசிக் குழாய்க்குள்ளேயே தெளிக்கிறார்கள், வாசனைக்கு மட்டும் இந்தக் கடையில் குறைவில்லை.

எண் ஏறுகிறது. மெஷின் ரூமை ஒட்டித்தான் பெண்கள் சாப்பிடுகிற அறை, இந்நேரம் இரண்டாவது பந்தி நடக்கும், சேலைப் பிரிவு முழுக்க அங்கேதான், அவளுக்கு அந்த அறையின் ஒவ்வொரு மூலையும் தெரியும், பிரசவ லீவு முடிந்து வந்ததிலிருந்து பால் கட்டிக்கொள்ளும்போது அங்கேதான் போகிறாள், அட்டைப்பெட்டிகளை அடுக்கி அதற்குப் பின்னால் உட்கார்ந்து பீய்ச்சிக் கீழே ஊற்றுகிறாள், முப்பிடாதி காவலுக்கு நிற்பாள், பட்டுப் பிரிவு முப்பிடாதி, வாய் ஓயாதவள், “யக்கா, ஆவின்காரன் கேட்டா நான் சொல்லிருதேன், இங்க தனி டிப்போ ஓடுதுன்னு” என்பாள், சிரிக்கக் கூடாத சமயத்தில் சிரிக்க வைப்பாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, வேர்த்துக் கொட்டுகிறது, ஒரு ஃபேன் போடுங்க சார் என்று பெண்கள் கேட்டார்கள், மூன்று மாசம் கேட்டார்கள், ஃபேன் வரவில்லை, கொத்தனார் வந்தார், மெஷின் ரூம் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு சதுர ஓட்டை போட்டுக் கம்பி வைத்துவிட்டுப் போனார், அங்கேயிருந்து சில்லென்று காற்று வரும், கரண்டு செலவு இல்லாத ஏசி என்று திரவியம் சார் சொல்லிக்கொண்டார், பெண்களும் சந்தோஷமாக அந்த ஓட்டைக்கு முன்னால் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். நாள் முழுக்க நிற்கிற பெண்கள். உட்கார விட வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல் வந்தது, ஸ்டூலில் சேலைக்கட்டு உட்கார்ந்தது. காலையிலிருந்து இரவு வரை அவர்கள் உட்காருகிற ஒரே இடம் அந்தத் தரை, சம்மணம் போட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டு மீதி நேரத்தில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, தரையோடு தரையாக, தண்ணீர் மாதிரிப் படுத்துக்கொள்ளும் என்றானே அந்தப் பையன், படுத்துக்கொள்ளும், ஓட்டை தரையோடு ஒட்டித்தானே இருக்கிறது, கம்பி துணியைத் தடுக்கும், எலியைத் தடுக்கும், அதைத் தடுக்குமா. இன்று காலையிலேயே துணி மடிக்கிற செல்வி தலை சுற்றுகிறது என்றாள், ஒழுங்கா சாப்பிடணும்டி என்று எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள், ஜெனிட்டாவும்தான் சொன்னாள்.

இன்டர்காம் மறுபடி அடித்தது. “இன்னும் பனிச்செல்வத்தக் கூப்பிடலியா நீ?”

“சார், கூப்பிட்டா ஆவுடை அண்ணன் கதவத் தொறந்து உள்ள போயிருவாங்க சார். போகக் கூடாது. கீழ பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டுட்டு இருக்கு, மொதல்ல அவங்கள வெளிய—”

“ஏம்மா, பிள்ள பெத்தா இப்பிடித்தான் எல்லாத்துக்கும் பயம் வருமோ? என் வீட்டுக்காரியும் இப்பிடித்தான், பல்லி கத்துனா டாக்டர்ட்ட போகணும்பா. நீ கூப்பிடாட்டி போ. நானே போன் போட்டுட்டேன், அவன் டீ குடிச்சிட்டு இருந்தான், துண்ட நனைச்சு மூக்குல கெட்டிட்டுப் போறான். நீ அந்தச் சவத்த அமுக்கிட்டு, பனியன் ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னு சொல்லு. மொதலாளி அண்ணாச்சி மாடியில இருக்காக.”

ஈரத் துண்டு. மூக்கில். வாசனைக்குத்தான் துண்டு, தூசிக்குத்தான் துண்டு, காற்றே இல்லாத இடத்தில் துண்டு என்ன செய்யும், அவள் செல்போனில் ஆவுடை அண்ணனைக் கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது, அப்படியென்றால் பின்படியில் இறங்கத் தொடங்கிவிட்டார், அடித்தளத்தில் சிக்னல் கிடையாது, முப்பிடாதியின் போனும் அப்படித்தான் சொல்லும், ஓடிப் போனால் என்ன, மூன்று மாடி, படி முழுக்க ஆடிக்கூட்டம், பிள்ளையும் பையுமாக ஒவ்வொரு படிக்கும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிடும், போய்ச் சேர்ந்தாலும் அதற்குள்ளே அல்லவா போக வேண்டும், தூக்கப் போகிறவனும் விழுவான், அங்கே போய் அவள் விழுந்தால் ஜோவி. ஜோவி இப்போது தூளியில் இருப்பாள், அல்லது மாமியார் கிண்ணத்தில் ராகிக் கூழைக் கரைத்து ஊட்டுவாள், அது துப்பும், அம்மா வாடை தேடி மாமியார் சேலையை முகரும். வேலை போய்விடுமே என்ற பயம், செத்துப்போவோமோ என்ற பயம், இரண்டும் ஒன்றாகக் கலந்து எது எது என்று தெரியாமல், புருஷன் கிளாட்சன் காலையில் பைக்கில் இறக்கிவிடும்போது சொன்னானே, உனக்கு எதுக்குட்டி வம்பு, மைக்குல சொல்லச் சொன்னதச் சொல்லு, வீட்டுக்கு வா, எவ்வளவு எளிது கிளாட்சன், சொல்லச் சொன்னதைச் சொல்வது, பனியன் ரெண்டு வாங்கினா ஒண்ணு, இரண்டு வருஷமாக அதைத்தானே செய்கிறேன், யார் என்னைப் பயந்தவள் என்று சொல்கிறார், பயந்தவள்தான், பிள்ளை பெற்றவள்தான், கீழே சம்மணம் போட்டிருக்கிறவர்களையும் எவளோ ஒருத்தி பெற்றாள், பெற்று, படிக்க வைக்க முடியாமல், சங்கரன்கோயில் பக்கத்திலிருந்தும் ஆலங்குளம் பக்கத்திலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் ஏற்றி இங்கே அனுப்பினாள், நல்ல கடை, ஏசிக் கடை, வெயில் படாத வேலை என்று. பயப்படாமல் இருக்கிற மேனேஜர் முதல் மாடியில் உட்கார்ந்திருக்கிறார். பயப்படாமல் இருக்க மாடி வேண்டியிருக்கிறது.

மைக்கின் கழுத்தை அவள் பிடித்துவிட்டாள், ஆனால் வாயில் எந்த வார்த்தையும் இல்லை. இதுதான் சரியான அநியாயம், பேசுவதற்கென்றே வேலைக்கு எடுத்த வாய், இப்போது பேச ஒன்றுமில்லை. பாதுகாப்புக்குச் செய்து வைத்த பெயர்களில் ஒன்றுகூட யாரையும் காப்பாற்றுகிற பெயர் இல்லை, பனிச்செல்வம் ஆவுடை அண்ணனை உள்ளே தள்ளுகிற பெயர், தீர்த்தகிரி என்றால் செக்யூரிட்டி இரண்டு பேர் வாளியோடு அதே அடித்தளத்துக்கு ஓடுவார்கள், கீழே இருக்கிறவளே, நீ எழுந்து வெளியே போ என்று சொல்ல இந்தக் கடையில் ஒரு பெயர் வைக்கவில்லை, வைக்கத் தோன்றவில்லை யாருக்கும். சரி, கேஸ் என்று சொல்லிவிடலாம், வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு, கேஸ் கசிவு, அவ்வளவுதான், போன ஆடியில் ஷட்டர் ஒன்று தடால் என்று விழுந்ததற்கே கூட்டம் ஓடியது, ஒரு அம்மாவின் கையை மிதித்துக்கொண்டு ஓடியது, எலும்பு துருத்தி நின்றதை இதே கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள், இன்று கேஸ் என்றால் படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் என்ன ஆவார்கள், திரவியம் சார் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆத்திரமாக இருக்கிறது, இத்தனை அநியாயத்துக்கு நடுவில் அந்த ஆளுக்கு ஒரு நியாயம் வேறு. பதறவைக்காத வார்த்தை வேண்டும், கீழே இருக்கிறவர்கள் மட்டும் பதற வேண்டும். அவள் குரலை அவளே கேட்டுப் பார்க்கிறாள் மண்டைக்குள், அன்பார்ந்த ஊழியர்களே, தயவுகூர்ந்து, இந்தக் குரலை முப்பிடாதி என்றைக்காவது கேட்டிருக்கிறாளா, சாப்பாட்டு அறையில் ஸ்பீக்கர் இருக்கிறது, கூட்டம் வந்தால் பந்தியிலிருந்து எழுப்புவதற்காகவே வைத்தது, ஆனால் இந்தத் தேன் குரல் அவர்களுக்கு மழைச் சத்தம் மாதிரி, காதில் விழும், உள்ளே போகாது, பேச்சுப் போட்டிக்குப் பழக்கிய சிஸ்டர் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, மூச்சு விட்டு, ஊர் இழுப்பு இல்லாமல் பேசக் கற்றுக்கொடுத்த குரல், எந்த ஊர்க்காரியும் இல்லாத குரல், அதனால்தானே எடுத்தார்கள், அதனால்தானே அதை யாரும் நம்பி எழுந்திருக்க மாட்டார்கள். எண் இப்போது நான்கு இலக்கம். ஆவுடை அண்ணன் கடைசிப் படியில் இருப்பார். கூண்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒரு கையால் போட்டாள், டிங் டாங் பட்டனைத் தொடவில்லை, வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

“ஆவுடை அண்ணே! ஆவுடை அண்ணே, அந்தக் கதவத் தொறக்காதீங்க. கைய எடுங்க அண்ணே. துண்ட நம்பாதீங்க, மூக்குக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய இருக்க பெரிய ஃபேன் சுச்ச மட்டும் போட்டுட்டு மேல வந்துருங்க. ஏட்டி முப்பிடாதி, சோத்த அப்பிடியே போட்டுட்டு எந்திரி. கை கழுவண்டாம். படுத்துக் கிடக்கவளயெல்லாம் எழுப்பு, எழுப்பி எல்லாரையும் கூட்டிட்டு மேல வா, முன்வாசல் வழியா ரோட்டுக்குப் போங்க. செல்விய விட்டுராத. எவளும் கீழ நிக்கப் பிடாது. வெளையாட்டு இல்லட்டி, வா.”

ஐந்து மாடியும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தது. பிறகு சிரித்தது. வேட்டிப் பிரிவில் ஒரு பெரியவர், “யாரு வீட்டுச் சண்டையோ மைக்குல வந்துட்டுய்யா” என்றது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது, ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் தோளைத் தட்டிச் சிரித்தாள், யாரும் ஓடவில்லை, படியில் பிள்ளைகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள், சிரிங்க, நல்லாச் சிரிங்க, சிரித்துக்கொண்டே நில்லுங்கள். தரைத்தளத்தில் அடித்தளத்துப் படி மேலே வந்து முடிகிற இடம் கடையின் நடுத் திறப்பு வழியே கூண்டிலிருந்து தெரியும், அங்கே யாரும் வரவில்லை. அவள் அதையே பார்த்தாள். வரவில்லை. அதையே மறுபடி சொன்னாள், அதே பேச்சில், இன்னும் சத்தமாக, பால் வடிந்து வயிறு வரை நனைந்து குளிர்ந்தது, கூண்டுக் கதவு தடதடத்தது, “தொறம்மா! பைத்தியமா உனக்கு? தவறான அறிவிப்புன்னு சொல்லு இப்ப!” திரவியம் சார், மூச்சிரைக்க, டை தோளில் கிடக்க, அவர் ஓடி வந்திருக்கிறார், மேலே ஓடி வந்திருக்கிறார், கீழே ஓடவில்லை, அவள் திரும்பாமல் லேண்ட்லைனில் தீயணைப்பு நிலையத்தைப் பிடித்து, கடைப் பெயர் சொல்லி, ஏசி கேஸ் கசிவு, அடித்தளம், முகமூடி சிலிண்டரோடு வாங்க, இங்கே இருக்கிறது உள்ளே மாட்டியிருக்கு என்றாள், உள்ளேயா என்று அந்தப் பக்கத்து ஆள் கேட்டார், உள்ளேதான் என்றாள், அதைச் சொல்லும்போது அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை, துடைக்க ஒரு கை மீதி இல்லை.

முதலில் வந்தது ஆவுடை அண்ணன், ஈரத் துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது, அண்ணாந்து கூண்டைப் பார்த்து எரிச்சலோடு ஏதோ கேட்டார், கேட்கட்டும், ஏசட்டும், வாயைத் திறந்து மூடுகிறார், அது போதும். அப்புறம் ஒருத்தி, சாம்பார்க் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் இரண்டு பேர், அப்புறம் கும்பலாக, சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தூக்குச்சட்டியையும் விடாமல், வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போனார்கள், வெயிலில் போனதும் ஒருத்தி குனிந்து வாந்தி எடுத்தாள், சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். முப்பிடாதி வரவில்லை. ஜெனிட்டாவுக்குக் கண் இருட்டியது, செல்வியைத் தூக்கப் போய், நான்தானே சொன்னேன் செல்விய விட்டுராதேன்னு, நான்தானே, வேறொன்றையும் அவளால் நினைக்க முடியவில்லை, கதவுச் சத்தமும் பெட்டிச் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. படி முனையில் ஒரு தலை தெரிந்தது, பக்கவாட்டில் ஏறியது, செல்வியின் கையைத் தோளில் போட்டு மூட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் திட்டிக்கொண்டு, வந்து தரையில் நின்றது.

“ஏட்டி முப்பிடாதி,” மைக்கில் அவள் குரல் உடைந்திருந்தது, “கீழ இன்னும் யாராவது இருக்காளாட்டி?”

முப்பிடாதி அண்ணாந்தாள். செல்வியை விட முடியாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, சோறு காய்ந்த விரல்களை அகல விரித்து, இல்லை இல்லை என்று ஆட்டினாள், ஐந்து மாடியும் பார்க்கும்படி ஆட்டினாள். ஜெனிட்டா மைக்கை வைத்தாள். முந்தியைச் சரிசெய்யவில்லை. பெட்டி கத்தக் கத்த, எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துத் திரவியம் சாருக்குக் கதவைத் திறந்தாள். “உள்ள வாங்க சார். இப்பக் கேளுங்க, என்ன கேக்கணும்?”